பட்டியலிட்ட கழிவு

மலேசியாவில், பினாங்கின் பிறை நகரில் என் மாமாவின் மோட்டார் பட்டறைப் பின்கட்டில் ஒரு நீல டிரம் நிற்கிறது. வண்டிகளிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய் அதற்குள் போகும். டிரம்மில் ஒட்டிய சீட்டில் மலாயில் ‘புவாங்கான் தெர்ஜாடுவல்’, எஸ்.டபிள்யூ. 305 என்ற வகை எண் (ஆங்கிலத்தில் ‘ஸ்கெஜூல்டு வேஸ்ட்’ என்பதன் சுருக்கம்), ஒரு தேதி. அங்கே வேலை பழகும் தம்பிக்கு யாரோ அதை ‘அட்டவணைக் கழிவு’ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். “அப்படியென்றால் இந்தத் தேதியில் லாரி வந்து ஏற்றிப்போகுமா அண்ணே?” என்று கேட்டான். பிழை அவனுடையதல்ல, மொழிபெயர்ப்பினுடையது.

‘கழிவு’ நல்ல சொல். பொழுது கழிகிறது, கணக்கில் கழிக்கிறோம், துணிக்கடையில் விலைக் கழிவு தருகிறார்கள். எல்லாவற்றிலும் ஒன்று விலகிப் போகிறது. ‘புவாங்’, வீசு என்னும் மலாய்ச் சொல்லோடும் அது ஒத்துப்போகிறது. இடறுவது ‘ஜாடுவல்’. அரபியிலிருந்து மலாய்க்கு வந்த இச்சொல்லை ‘அட்டவணை’ என்றதும் நம் பிள்ளைகளுக்குப் பாட அட்டவணையும் பஸ் நேரமும்தான் நினைவுக்கு வரும். சட்டம் சொல்வதோ, தன் பின்னே இணைத்திருக்கும் பட்டியலை.

இந்தக் கழிவுகளுக்கான 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின் முதல் இணைப்பில் 77 வகைகள், ஐந்து பிரிவுகளில் உள்ளன. எண்ணின் முதல் இலக்கமே பிரிவைக் காட்டும்: 1 என்றால் உலோகம் (ஈய பேட்டரி 102, பாதரசம் உள்ளவை 109), 3 என்றால் பெரும்பாலும் கரிமப் பொருள். அமெரிக்காவில் பட்டியலோடு இயல்பையும் சோதிக்கிறார்கள்: தீப்பற்றுமா, அரிக்குமா, வினைபுரிந்து வெடிக்குமா, நஞ்சா? நம் நாட்டில் முதல் கேள்வி, பட்டியலில் இருக்கிறதா என்பதே. ஆகவே சட்டச் சொல்லுக்குப் ‘பட்டியலிட்ட கழிவு’ என்பதே பொருந்தும்.

சட்டத்துக்கு வெளியே, ஆபத்தான கழிவைப் பொதுவாகச் சொல்ல ‘அபாயக் கழிவு’ போதும். சிலர் ‘தீங்குறு கழிவு’ என்கிறார்கள்; எனக்கு உடன்பாடில்லை. நோயுற்றவர் நோயை அடைந்தவர். அப்படியே தீங்குறுவது தீங்கை அடைவது. தனித்தமிழ் வேண்டுவோர் ‘கேடுதரு கழிவு’ எனலாம். மண்ணும் நீரும் கெடுவது அதில் கேட்கிறது.

சீட்டிலிருந்த தேதி லாரி வரும் நாள் அல்ல. கழிவு முதலில் உண்டான நாள். அன்றிலிருந்து 180 நாளுக்குள் அதை அப்புறப்படுத்த வேண்டும். அதற்குள்ளும் இருப்பு 20 டன்னைத் தாண்டக் கூடாது. தம்பியிடம் இதைச் சொன்னபோது, எண்ணெய் துடைத்த கந்தலைக் குப்பைத் தொட்டியில் போடப் போனவன் நின்றான். “இதுவும் பட்டியலில் இருக்கிறதா?” இருக்கிறது, 410.