பெட்டியின் மூக்கு லேசாக இருக்கக் கூடாது

"அண்ணை, அச்சை ஒரு அடி முன்னுக்குத் தள்ளி ஒட்டிவிடுங்கோ. தனி ஆளாத் தூக்கிக் கொழுவ வேணும்."

கிளிநொச்சிப் பரந்தனில் பட்டறை வைத்திருக்கிற எனக்குக் காலபோக நெல் அறுவடை நெருங்கினால் இந்தக் கோரிக்கை தவறாமல் வரும். ட்ராக்டருக்குப் பின்னால் இழுக்கிற பெட்டி செய்விக்க வருபவர்கள் முதலில் அதன் மூக்கை, அதாவது ட்ராக்டரில் கொழுவுகிற முன்முனையை, தூக்கித்தான் பார்ப்பார்கள். ஒரு கையால் எழும்பினால் "நல்ல பெட்டி" என்பார்கள். அச்சை முன்னுக்குத் தள்ளினால் மூக்கு லேசாகும் என்பது உண்மை. அதனால்தான் நான் மறுக்கிறேன். இதனால் சில வேலைகள் கைவிட்டுப் போயிருக்கின்றன, அதில் எனக்கு வருத்தமில்லை.

வண்டில் ஓட்டிய எங்கள் அப்புமாருக்கு இது தெரிந்திருந்தது. முன்பாரம், பின்பாரம் என்று இரண்டு சொல் வைத்திருந்தார்கள். முன்பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே எழும்பும், கழுத்துக்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். மாடு தலையை ஆட்டும், நடக்க மறுக்கும். அதைப் பார்த்து இறங்கி மூட்டையை மாற்றி அடுக்குவார்கள். ட்ராக்டர் தலையை ஆட்டாது. பிழையை அது காட்டும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும்.

கணக்கு சின்னது. கொழுவுகிற இடத்திலிருந்து அச்சுவரை 3 மீற்றர் என்று வையுங்கள். பெட்டியும் சாமானும் சேர்த்து 2000 கிலோ. மொத்தப் பாரத்தின் நடு, அச்சுக்கு 30 சென்ரிமீற்றர் முன்னால் விழுந்தால் மூக்கில் 200 கிலோ இறங்கும். அதே 30 சென்ரிமீற்றர் பின்னால் போனால் 200 கிலோ மூக்கை மேலே தூக்கும். அச்சுக்கு அந்தப் பக்கம் ஒரு அடி, இந்தப் பக்கம் ஒரு அடி, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு மூட்டை நெல் 70 கிலோ என்றால், அச்சுக்கு ஒன்றரை மீற்றர் பின்னால் கிடக்கிற அந்த மூட்டை மூக்கிலிருந்து 35 கிலோவைக் கழிக்கிறது. அதைத் தூக்கி அச்சுக்கு ஒன்றரை மீற்றர் முன்னால் போட்டால் 35 கிலோவைக் கூட்டுகிறது. ஒரு மூட்டை இடம் மாறினாலே மூக்கில் 70 கிலோ மாற்றம்.

மூக்கு எழும்பினால் என்ன நடக்கும்? பெட்டி ட்ராக்டரின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கும். இழுப்பதும் பிறேக் பிடிப்பதும் பின்சில்லுகள்தான். அவை நிலத்தை அழுத்தாவிட்டால் ஏற்றத்தில் சுழலும், இறக்கத்தில் வழுக்கும். எங்கள் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தப் பிறேக் கிடையாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இறக்கத்தில் பிறேக் பிடிக்கிறபோது பின்னால் வருகிற பாரம் ட்ராக்டரை ஒரு பக்கமாக மடித்துத் தள்ளிவிடும்.

ஏ9 வீதி குண்டும் குழியுமாகக் கிடந்த காலத்தில் யாரும் வேகமாக ஓட முடியாது. காபெட் தார் போட்ட பிறகு கதை வேறு. பின்பாரப் பெட்டி வேகம் கூடினால் வால் ஆட்டத் தொடங்கும், ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். அந்த நேரம் ஸ்ரேரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதீர்கள், பிறேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்ரேரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு அக்சிலேற்றரை மெல்லக் குறையுங்கள். ஆட்டம் அடங்கியதும் ஓரம் கட்டி, சாமானை மாற்றி அடுக்கிவிட்டுப் போங்கள்.

முத்தையன்கட்டுக் குளத்தின் வலதுகரைப் பக்கத்திலிருந்து ஒரு பெட்டி, இழுத்த ட்ராக்டரோடு என்னிடம் திருத்த வந்தது. நெல் ஏற்றியவர்கள் அவசரத்தில் மூட்டைகளை முன்னுக்குத் தள்ளாமல், வாசலடியிலேயே உயரமாக அடுக்கியிருக்கிறார்கள். சமதரையில் ஒன்றும் தெரியவில்லை. வாய்க்கால் கட்டில் ஏறும்போது பெட்டி சரிய, உயர அடுக்கியிருந்த பாரத்தின் நடு அச்சையும் தாண்டிப் பின்னுக்குப் போய்விட்டது. கொழுவுகிற இரும்பு முளை கழராமல் பூட்டுக் கம்பியாகப் போட்டிருந்தது ஒரு ஆறு அங்குல ஆணி. அது வளைந்து வெளியே வர, முளை மேலே எழும்பிக் கழன்றது. பெட்டி வாலடித்து உருண்டு வாய்க்காலுக்குள். மூட்டைக்கு மேல் இருந்த பொடியனுக்குக் கால் முறிந்தது.

திருத்துவதற்கு முன் கொழுவும் இடத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். பெட்டி மூக்கின் வளையம் ட்ராக்டரில் உள்ள இரண்டு தகடுகளுக்கு நடுவில் இருக்கும். ஒழுங்காக ஏற்றி ஓடுகிறவர்களுடைய கீழ்த் தகட்டின் மேற்பக்கம் தேய்ந்து வெள்ளியாக மினுங்கும், மேல் தகட்டின் அடிப்பக்கம் துரு ஏறிக் கிடக்கும். இதில் தலைகீழ். மேல் தகட்டின் அடியில் நகத்தை வைத்தால் இறங்குகிற அளவுக்குப் பள்ளம். ஒரு நாளில் விழுந்த பள்ளமில்லை அது. பல மாதமாக அந்தப் பெட்டி மூக்கை மேலே இடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. உங்கள் மிசினில், அதாவது ட்ராக்டரில், இந்த இடத்தை இன்றைக்கே பாருங்கள். எந்தத் தகடு தேய்ந்திருக்கிறது என்பது போதும், நீங்கள் எப்படி ஏற்றுகிறீர்கள் என்று அது சொல்லிவிடும்.

அதற்காக எல்லாவற்றையும் முன்னுக்குக் கொட்டுவதும் ஆபத்து. முன்பாரம் அளவுக்கு மிஞ்சினால் ட்ராக்டரின் முன்சில்லு லேசாகும், "ஸ்ரேரிங் பிடிக்குதில்லை" என்பார்கள். கட்டு ஏறும்போது முன்சில்லு நிலத்தை விட்டு எழும்பினால் மிசின் பின்னால் குடைசாயவும் கூடும். பெட்டியை ட்ராக்டரின் பின்னச்சுக்கு மேலே உள்ள எந்த இடத்திலும், முக்கியமாகக் கலப்பை பூட்டுகிற மேல் இணைப்பில், கொழுவவே கூடாது. எவ்வளவு மூக்குப் பாரம் தாங்கும் என்பது மிசினோடு வந்த கைநூலில் இருக்கும், அதற்கு மேல் போகாதீர்கள்.

கனடாவில் இருக்கிற என் மச்சானும் இதே பிழையைத்தான் செய்தான். அங்கே வாகனத்தால் இழுத்துப் போகிற வீட்டுப் பெட்டியின் பின்பக்கத்தில் கராஜ் வைத்து, நாலு சில்லு பைக்குகளை ஏற்றிக்கொண்டு காடு, ஏரி என்று போவார்கள். டோய் ஹோலர் என்று பெயர். பைக்குகள் அச்சுக்குப் பின்னால் ஏறும் என்று தெரிந்தே, வெறும் பெட்டியில் மூக்கு பாரமாக இருக்கும்படி செய்கிறார்கள். மச்சான் இரண்டு பைக்கை ஏற்றியதும் மூக்கு லேசாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்கிறான். பெருந்தெருவில் வால் ஆடிய பிறகு எனக்குப் போன் எடுத்தான். வாகனத்தின் பின்னால் கொழுவுகிற பெட்டிக்கு, ஏற்றிய மொத்த நிறையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இருக்க வேண்டும் என்பது அங்கத்தைய கணக்கு. 3000 கிலோ என்றால் 300 முதல் 450 கிலோ. "தண்ணித் தொட்டி அச்சுக்கு முன்னுக்கா பின்னுக்கா எண்டு முதலில பார், பைக் ஏத்தினாப் பிறகு மூக்கைத் தராசில வைச்சுப் பார்" என்றேன். ஆட்டத்தைத் தடுக்கும் கம்பி பூட்டியிருக்கிறேன் என்றான். அந்தக் கம்பி ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கும், இல்லாத மூக்குப் பாரத்தை உண்டாக்காது.

நிறுப்பது எங்களுக்கு அவனைவிடச் சுலபம். நெல் வாங்குகிற இடமெல்லாம் தட்டுத் தராசு இருக்கிறது. சமதரையில் நிறுத்தி, சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கொழுவுகிற அதே உயரத்தில் மூக்கைத் தராசின் மேல் கட்டையில் இறக்குங்கள். ஆள் நிறுக்கிற சின்னத் தராசு மட்டும்தான் இருக்கிறதென்றால், உறுதியான பலகையின் ஒரு முனையைத் தராசிலும் மறுமுனையை இரும்புக் குழாயிலும் வையுங்கள். மூக்கு குழாயிலிருந்து ஒரு அடியும் தராசிலிருந்து இரண்டு அடியும் தள்ளி இறங்க வேண்டும். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்குங்கள்.

தண்ணி பவுசர்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் ஊர் ஊராகத் தண்ணி கொடுக்கிறீர்கள், பெரிய உதவி. ஆனால் பாதி வெறுமையான பவுசர், நிறைந்ததைவிடப் பொல்லாதது. கட்டு ஏறும்போது தண்ணி முழுவதும் பின்னுக்கு ஓடும், மூக்கு எழும்பும். இறங்கும்போது முன்னுக்கு மோதும். ஆயிரம் லீற்றர் என்றால் ஆயிரம் கிலோ, அது உள்ளுக்குள் ஓடித் திரிகிறது. தொட்டிக்குள் ஓட்டை போட்ட தடுப்புத் தகடு இல்லாவிட்டால் பூட்டுவித்துக்கொள்ளுங்கள். பனை மரம் ஏற்றுகிறவர்கள் அடிப்பக்கத்தை முன்னுக்கு வையுங்கள், வைரமும் பாரமும் அங்கேதான்.

எனக்கு மிகவும் பயம் தருவது வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குச் சனம் ஏற்றிப் போகிற பெட்டிகள். மூட்டை ஏற்றிய இடத்திலேயே கிடக்கும், சனம் அப்படியில்லை. கோயிலடியில் நிறுத்தியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பின்வாசலுக்கு வருவார்கள். பத்துப் பேர், 600 கிலோ, அச்சுக்கு ஒன்றரை மீற்றர் பின்னால். மூக்கிலிருந்து 300 கிலோ ஒரே தடவையில் போய்விடும். பெட்டியில் ஆள் ஏற்றவே வேண்டாம் என்பதுதான் என் நிலைப்பாடு. கேட்காமல் ஏற்றினால், வாசலடியில் பொறுப்பான ஒருவரை நிறுத்தி இரண்டு இரண்டு பேராக இறக்குங்கள், அம்மாக்களையும் பிள்ளைகளையும் முன்பக்கம் இருத்துங்கள்.

என் பட்டறையால் வெளியே போகிற ஒவ்வொரு பெட்டியிலும், அச்சுக்கு நேர்மேலே உள்பலகையில் மஞ்சள் கோடு ஒன்று கீறிவிடுகிறேன். பத்து மூட்டை என்றால் கோட்டுக்கு முன்னால் ஆறு, பின்னால் நாலு. மூக்கைத் தூக்க ஆள் காணாது என்பவர்களுக்குச் சில்லு வைத்த தாங்குகால் ஒன்றும் ஒட்டித் தருகிறேன், அதற்குக் கூலி வாங்குவதில்லை.