“உள்ளேயே இருக்கட்டும்” என்று சொல்வதற்கு முன்

“அவன் ஒரு மாசம் உள்ளேயே இருக்கட்டும் மேடம், அப்பதான் புத்தி வரும்.”

குற்றம் சாட்டப்பட்ட, 18 வயது நிறையாத பிள்ளைகளின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் வராந்தாவில் இந்தச் சொற்களை நான் கேட்காத வாரம் அரிது. சொல்பவர் பெரும்பாலும் தந்தை. முந்தைய இரவு முழுவதும் காவல் நிலைய வாசலில் நின்றவர்; அன்றைய கூலியை இழந்தவர்; இனித் தெருவில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது என்று மனத்துக்குள் குமைந்துகொண்டிருப்பவர். அவருடைய கோபத்தை நான் ஒருபோதும் குறையாக எண்ணியதில்லை. ஆனால், அந்தக் கோபத்தில் சொல்லிவிடும் சொல் அவருடைய மகனை எந்தப் பக்கம் தள்ளும் என்பதை, இத்தகைய பிள்ளைகளுக்கு ஆற்றுப்படுத்துநராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் விளக்கிச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இதில் வரும் பிள்ளைகளை யாரும் அடையாளம் காணாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மக்கள் பேச்சில் “சிறுவர் கோர்ட்” எனப்படும் இந்தக் குழுமம், 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கும் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி இயங்குகிறது. ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் அதில் அமர்கிறார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பிள்ளை அந்தக் குற்றத்தைச் செய்தானா என்பதை அவர்கள் விசாரிக்கிறார்கள். அதோடு சேர்த்து, அவன் எந்த வீட்டிலிருந்து வந்தான், எந்த வீட்டுக்குத் திரும்பப்போகிறான் என்பதையும் விசாரிக்கிறார்கள். இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் வழக்கறிஞரிடமோ காவல்துறையிடமோ இல்லை, பெற்றோரிடம்தான் இருக்கிறது.

ஜாமீனை எடுத்துக்கொள்வோம். வயது வந்தவர்களுக்கு ஜாமீனில் விட முடியாத குற்றமாகவே இருந்தாலும், 18 வயது நிறையாத பிள்ளையை ஜாமீனில் விடுவதுதான் சட்டத்தின் 12ஆம் பிரிவு வகுத்திருக்கும் பொது விதி. வெளியே விட்டால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவன் உடலுக்கோ மனத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து நேரும், நீதியின் நோக்கமே கெட்டுவிடும் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே மறுக்கலாம். இப்போது அந்த அப்பா, குழுமத்தின் முன்னால், “எங்க பேச்சை இவன் கேட்கவே மாட்டான், எனக்கு இவன் வேண்டாம்” என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுப்பதற்கான காரணத்தை அவரே தம் கையால் எழுதிக்கொடுத்துவிட்டார் என்றுதான் பொருள்.

ஜாமீன் கிடைக்காத பிள்ளைகளை விசாரணைக் காலத்தில் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லம், பிள்ளையைத் திருத்தி அனுப்பும் என்ற நம்பிக்கையோடுதான் பல பெற்றோர் இப்படிப் பேசுகிறார்கள். அங்கே அக்கறையோடு பணியாற்றும் பலரை நான் அறிவேன். ஆயினும், 2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்து, இல்லப் பணியாளர்கள் சிலர் கைதாகி, அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைக்க நேர்ந்ததையும் நாம் மறக்கக் கூடாது. முதன்முறை செல்போன் பறித்த பையன் அங்கே மூன்று வாரம் தங்கிவிட்டு வரும்போது, நான்கு ஊர்ப் பையன்களின் பழக்கத்தோடு வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிள்ளைகளை நிறுவனத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

முதல் இரவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்ததும் பணத்தைத் தேடி ஓடுவதற்கு முன்னால், பிள்ளையின் வயதைக் காட்டும் பள்ளிச் சான்றிதழையோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையோ தேடி எடுங்கள். அது இல்லையென்றால் மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ் வேண்டும். இவை எதுவுமே இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சியைப் பார்த்து வயதைக் கணிக்கும் மருத்துவச் சோதனை. 17 வயது முடிந்து நான்கு மாதமே ஆகியிருந்த ஒரு பையன், தாடி அடர்ந்திருந்த காரணத்தால் 19 என்று எழுதப்பட்டு, பெரியவர்களின் சிறைக்குப் போய்விட்டான். அவன் அம்மா கிராமத்திலிருந்து மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவந்து சேர்க்க 11 நாட்கள் ஆயின. சம்பவம் நடந்த அன்று என்ன வயது என்பதே கணக்கு. வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும் வயதை எடுத்துச் சொல்லலாம். பிள்ளையை லாக்-அப்பில் வைக்கக் கூடாது, கைவிலங்கு பூட்டக் கூடாது, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும், பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பனவும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை.

இனி நான் சொல்லப்போவது, பெற்றோர் அதிகம் கவனிக்காத, ஆனால் என்னை மிகவும் அஞ்சவைக்கும் ஒன்று. சில வழக்குகளில், அம்மா அப்பா வந்து சேர்வதற்கு முன்பே பையனுக்காக ஒரு வழக்கறிஞர் வந்து நிற்பார். யார் அனுப்பினார்கள் என்று கேட்டால், “ஏரியா அண்ணன் அனுப்பிச்சாரு” என்பான் பையன். கையில் காசில்லாத பெற்றோருக்கு அது தெய்வம் அனுப்பிய உதவியாகவே தோன்றும். அந்த அண்ணன்தான் பெரும்பாலும் பையனை பைக்கின் பின்னால் ஏற்றி அனுப்பியவர். “உனக்கு வயசு கம்மி, ஒண்ணும் ஆகாது” என்று தைரியம் சொன்னவர். அவர் கட்டும் ஃபீஸ், பையன் தலையில் ஏறும் கடன். வெளியே வந்ததும் அந்தக் கடன் இன்னொரு வேலையாகக் கேட்கப்படும். அப்போது மறுக்கும் துணிவு அந்த வயதில் யாருக்கும் இருக்காது. உங்கள் பிள்ளைக்கு இலவச வழக்கறிஞரைத் தருவது மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கடமை. 15100 என்ற எண்ணில் கேட்கலாம், அல்லது குழுமத்திலேயே வாய்விட்டுக் கேட்கலாம். பிள்ளைகளைச் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் தண்டனை என்று இதே சட்டத்தின் 83ஆம் பிரிவு சொல்கிறது. அந்த அண்ணனின் பெயரைச் சொல்ல உங்களுக்குப் பயமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். முதலில் உங்கள் வழக்கறிஞரிடமாவது தனியாகச் சொல்லுங்கள்.

ஜாமீனுக்குப் பிறகு நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார். அவர் எழுதும் சமூக விசாரணை அறிக்கையைக் குழுமம் உன்னிப்பாகப் படிக்கும். அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்களோ என்று அவரை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பும் குடும்பங்கள் உண்டு. “எங்க பையன் தங்கம், சேர்க்கை சரியில்ல” என்று ஒரே வரியில் முடித்துவிடும் குடும்பங்களும் உண்டு. இரண்டாலும் பிள்ளைக்கு எந்த நன்மையும் இல்லை. லோடு ஆட்டோ ஓட்டும் ஒரு தந்தையிடம், “உங்க பையனோட நண்பர்கள் மூணு பேர் பேரைச் சொல்லுங்க” என்று நான் கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து ஒவ்வொரு சாவியாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். கடைசியில் மனைவியைப் பார்த்தார். “ஒரு பையன் பல்சர் வெச்சிருப்பான் மேடம், பேரு தெரியாது” என்றார் அந்த அம்மா. அதற்கு முந்தைய வாரம்தான் அந்தத் தந்தையும் பையனை ஒரு மாதம் உள்ளே வைக்கச் சொன்னவர். காலை நான்கு மணிக்கு மார்க்கெட்டுக்குப் போய் இரவு பத்து மணிக்குத் திரும்பும் மனிதர். மகன் விழித்திருக்கும்போது அவர் வீட்டில் இருந்ததே இல்லை. அன்று அவர் அதை மறைக்காமல் சொன்னார். அந்த உண்மைதான் அறிக்கைக்குப் பயன்பட்டது. வாரத்தில் இரண்டு நாட்கள் மாலையில் மகனைத் தன்னோடு வண்டியில் அழைத்துப் போவது என்ற சிறிய ஏற்பாடு அதிலிருந்துதான் பிறந்தது.

பிள்ளை வீடு திரும்பிய முதல் சில நாட்களில் பெரிய அறிவுரை எதுவும் வேண்டாம். குளிக்கட்டும், சாப்பிடட்டும், தூங்கட்டும். உறவினர்களைக் கூட்டி வைத்து நடுவில் நிறுத்தித் திட்டுவதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். வீட்டைவிட நண்பர்கள் மேல் என்ற முடிவுக்குப் பையன் வருவது பெரும்பாலும் அந்த ஒரு மாலையில்தான். கஞ்சா, கூல் லிப் எனும் புகையிலைப் பொருள், வலி நிவாரண மாத்திரை போன்றவற்றுக்குப் பழகியிருந்தால், நிறுத்திய சில நாட்களில் தூக்கமின்மையும் எரிச்சலும் வரும். மாத்திரை பழகியவனுக்கு உடல் வலியும் வயிற்றுப்போக்கும் சேரும். அதை நடிப்பு என்று எண்ணி அடிக்காதீர்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அங்கே உண்மையைச் சொல்லுங்கள். ஊர் மாற்றினால் சரியாகிவிடும் என்று சித்தி வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தால், குழுமத்தின் அனுமதியைப் பெற்ற பிறகே அனுப்ப வேண்டும். சொல்லாமல் அனுப்பி, அடுத்த வாய்தாவுக்குப் பையன் வராமல்போனால், கிடைத்த ஜாமீனுக்கே ஆபத்து.

வாய்தாக்கள் இழுத்துக்கொண்டே போகும் என்று சலித்துப்போய் வராமல் விடும் பெற்றோரே அதிகம். முதல்முறை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் விசாரணை முடிய வேண்டும் என்பதும், மேலும் இரண்டு மாதம் வரை நீட்டிக்கலாம் என்பதும் விதி. நடைமுறையில் தாமதம் ஆவதுண்டு. ஆனாலும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் அம்மாவோ அப்பாவோ பையனோடு வந்து உட்கார்ந்திருக்கும் காட்சியைக் குழுமத்தில் இருப்பவர்கள் கவனிக்காமல் இருப்பதில்லை. 16 வயது நிறைந்த பிள்ளை மீது கொடுங்குற்றம், அதாவது குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றம், சாட்டப்பட்டிருந்தால் மட்டும் வழி வேறு. வயது வந்தவரைப் போல விசாரிக்கலாமா என்பதற்கு முதற்கட்ட மதிப்பீடு நடக்கும் என்பதால், நல்ல வழக்கறிஞரின் துணை அங்கே முதல் நாளிலிருந்தே தேவை.

பிள்ளையின் பெயரையோ படத்தையோ யாராவது தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அது 74ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அந்தப் பதிவைச் சேமித்து வைத்து உடனே புகார் கொடுங்கள்.

அந்த லோடு ஆட்டோக்காரரின் மகனுக்கு, குழுமம் அறிவுரை கூறி, ஓராண்டு நன்னடத்தை மேற்பார்வையில் வைத்து ஆணையிட்டது. அந்த ஓராண்டு முடிந்த நாளன்று அவர் ஒரு மஞ்சள் பையோடு என்னிடம் வந்தார். வாய்தாத் தேதி குறித்த சீட்டுகள், சான்றிதழ் நகல்கள், மருத்துவமனைச் சீட்டு என்று எல்லாமே அதற்குள் இருந்தன. “இதையெல்லாம் எரிச்சிடலாமா மேடம்?” என்று கேட்டார். வழக்கின் பதிவேடுகளை உரிய காலத்துக்குப் பிறகு அழிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது, நாளை பையன் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்த வழக்கு அவனுக்குத் தகுதிக் குறைவாகாது என்று விளக்கினேன். இறுதி ஆணையின் நகலை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை எரித்துவிடச் சொன்னேன். அவர் பையை மடித்து மகனிடம் கொடுத்தார். இருவரும் அதே வண்டியில் மார்க்கெட் பக்கம் போனார்கள்.