பேட்டரியும் இல்லை, பணமும் இல்லை: மெக்சிகோவின் சுங்க டேக்

மெக்சிகோ நகரத்திலிருந்து தெற்கே குவெர்னவாகாவுக்குக் கட்டணச் சாலையில் போகிறவர்கள் ட்லால்பான் சுங்கச்சாவடியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். விடுமுறை தொடங்கும் நாளில் ரொக்கம் வாங்கும் தடங்களில் வண்டிகள் நெடுந்தூரம் நிற்கும். பக்கத்துத் தடத்தில் ஒரு கார் வேகத்தைக் குறைக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது, தடுப்புக் கம்பி எழுகிறது, கார் போய்விடுகிறது. காரணம், அதன் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஒரு ஸ்டிக்கர்.

அங்கே சுங்கச்சாவடியைக் 'கசேட்டா' என்பார்கள். கட்டணச் சாலை 'குவோத்தா', இலவசச் சாலை 'லிப்ரே'. 95டி, 150டி என்று நெடுஞ்சாலை எண்ணுக்குப் பின்னால் 'டி' வந்தால் அது கட்டணச் சாலை. ஸ்டிக்கரின் பெயர் 'டேக்'. இயாவே, பாஸே, தெலெவியா என்பவை பரவலாகப் புழங்கும் டேக்குகள்.

ஒரு டேக்கை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வளைந்து வளைந்து போகும் மெல்லிய உலோகக் கோடு தெரியும், அதுதான் ஆன்டெனா. அதன் நடுவே கடுகைவிடச் சிறிய சிப் ஒன்று இருக்கும். வேறு எதுவும் இல்லை, பேட்டரிகூட இல்லை. அப்படியானால் அது எப்படிப் பேசுகிறது?

தடத்துக்கு மேலே இருக்கும் ஆன்டெனா ஏறத்தாழ 915 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ரேடியோ அலையை வீசிக்கொண்டே இருக்கிறது. அலைநீளம் சுமார் 33 சென்டிமீட்டர். அந்த அலை டேக்கின் உலோகக் கோட்டில் படும்போது மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. சிப்புக்கு அதுவே போதும். அது விழித்துக்கொள்ள 10, 20 மைக்ரோவாட் இருந்தால் சரி. ஒரு சின்ன எல்.இ.டி. விளக்குக்கு வேண்டியதில் இது ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது.

விழித்த சிப் சொந்தமாக அலை எதையும் அனுப்புவதில்லை. தன் ஆன்டெனாவின் மின்தன்மையை மாற்றி மாற்றி, தன்மேல் விழும் அலையைக் கூட்டியும் குறைத்தும் திருப்பி அனுப்புகிறது. வெயிலில் கண்ணாடித் துண்டை ஆட்டி எதிர்மாடியில் இருப்பவருக்குச் சைகை காட்டுவோமே, அதே வேலைதான். எதிரொளிக்கும் அலையைக் கொண்டே செய்தி அனுப்பலாம் என்று ஹாரி ஸ்டாக்மன் என்ற பொறியாளர் 1948-லேயே எழுதிவிட்டார். அதை இவ்வளவு மலிவான ஸ்டிக்கரில் அடக்க சிப்புகள் சிறுக்க வேண்டியிருந்தது. நம் ஊர் ஃபாஸ்டேகும் இதே வழியில்தான் இயங்குகிறது, அதிர்வெண் மட்டும் கொஞ்சம் கீழே, 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம்.

டேக்கை வாசிக்கச் சில மில்லிவினாடிகள் போதும். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் 10 மில்லிவினாடியில் நகர்வது எட்டு சென்டிமீட்டர்தான். ஆக, வேகத்தைக் குறைக்கச் சொல்வது டேக்குக்காக அல்ல, தடுப்புக் கம்பி எழ நேரம் வேண்டும் என்பதற்காக. முன்னால் போகும் வண்டியை ஒட்டிக்கொண்டும் போகாதீர்கள். ஆன்டெனா பார்க்கும் இடம் சில மீட்டர்தான், அதற்குள் இரண்டு டேக் வந்தால் எது எந்த வண்டியுடையது என்ற குழப்பம் வரலாம்.

டேக் சொல்வதெல்லாம் ஓர் எண் மட்டுமே. பணம் அதில் இல்லை, நிறுவனத்தின் கணினியில் இருக்கும் கணக்கில் இருக்கிறது. எந்தெந்த எண்ணை விடலாம், எதை நிறுத்த வேண்டும் என்ற பட்டியலைப் பார்த்துத்தான் கம்பி எழுகிறது. இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். சாவடிக்குப் பத்தடி முன்னால் நின்று ரீசார்ஜ் செய்துவிட்டு சிவப்பு விளக்கைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. டேக் பழுதாகவில்லை, புதிய பட்டியல் இன்னும் அந்தச் சாவடிக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். கிளம்புவதற்கு முந்தைய நாளே பணம் போட்டுவிடுவது நல்லது. ஒரு நிறுவனத்தின் டேக் இன்னொருவர் சாலையிலும் செல்லுபடியாவது, செல்போன் ரோமிங் போல, பின்னால் அவர்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்வதால்தான்.

அப்புறம், ஒட்டும் இடம். உலோகம் ரேடியோ அலையின் எதிரி. வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சுள்ள முன்கண்ணாடிகளில் அலை உள்ளே வரவே திணறும். அப்படிப்பட்ட பல கார்களில் பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால், கறுப்புப் புள்ளிகள் இருக்கும் பகுதியில், பூச்சு இல்லாத ஒரு சின்ன இடம் விட்டிருப்பார்கள். டேக் அங்கேதான் ஒட்ட வேண்டும். கையில் பிடித்துக் காட்டினாலும் சரிவராது, உடம்பில் இருக்கும் நீர் அலையை விழுங்கிவிடும். ஒட்டியதை உரித்து வேறு காருக்கு மாற்றவும் முடியாது. உரிக்கும்போதே அந்த மெல்லிய ஆன்டெனா கிழிந்துவிடும்படி செய்திருக்கிறார்கள்.

கட்டணம் வண்டிக்கு வண்டி மாறும். பாரவண்டி என்றால் எத்தனை அச்சு என்பதுதான் கணக்கு. டேக் சொல்வதை மட்டும் நம்பிவிட முடியாது என்பதால், தடத்தில் இருக்கும் உணரிகள் வண்டியின் அச்சுகளைத் தனியாக எண்ணுகின்றன.

நெடுஞ்சாலையில் டேக் வேலை செய்யாவிட்டால் பெசோ நோட்டை நீட்டிக் கடந்துவிடலாம். மெக்சிகோ நகரத்துக்குள் இருக்கும் உயர்மட்டக் கட்டணச் சாலையில் அதற்கும் வழியில்லை, அங்கே டேக் மட்டும்தான். வாடகைக் கார் எடுப்பவர்கள் சாவியை வாங்கும்போதே முன்கண்ணாடியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.