நியோ-சோல்: விற்றவர் வைத்த பெயர்

பாட்டுச் செயலிகளில் நியோ-சோல் என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படுகிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையில் 1970-களில் கேட்ட மின் பியானோ, கனமான பேஸ், அதற்கு மேல் ஹிப்-ஹாப்பின் தளர்ந்த தாளம், அவசரமே இல்லாத குரல். இவை சேர்ந்தால் நியோ-சோல். பொருள் இவ்வளவுதான். சுவாரசியம் இருப்பது பெயர் வந்த வழியில். இசை வகைகளின் பெயர்களை முதலில் யார் சொன்னார் என்று பெரும்பாலும் பிடிக்க முடியாது. இதற்குப் பிடிக்க முடியும். 1990-களின் பின்பாதியில் கெடார் மாசன்பர்க் என்ற அமெரிக்க இசைத்தட்டு வணிகர், தன் சரக்கை விற்பதற்காகப் பரப்பிய பெயர் இது.

மாசன்பர்க் முதலில் டி ஏஞ்சலோ என்ற பாடகரின் மேலாளர். 1995-இல் வெளிவந்த டி ஏஞ்சலோவின் முதல் ஆல்பம் ‘பிரவுன் சுகர்’ நன்றாக விற்றது. டல்லஸ் நகரில் அவருடைய நிகழ்ச்சிக்கு முன் பாட வந்த ஓர் உள்ளூர்ப் பெண்ணை மாசன்பர்க் தன் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார். அவர்தான் எரிக்கா பாடு. (பொருளில்லாத அசைகளைப் பாடும் குரல் வித்தையில் தனக்குப் பிடித்த ஓர் ஒலியைத்தான் அவர் பெயராக வைத்துக்கொண்டார். தமிழில் எழுதினால் அது கட்டளை மாதிரி நிற்கிறது.)

அடுத்து மாசன்பர்க் செய்தது வியாபாரப் பள்ளியில் பாடமாக வைக்கத் தக்கது. பாடுவைத் தனியாக அறிமுகப்படுத்தவில்லை. 1967-இல் மார்வின் கேயும் டாமி டெரலும் மோட்டவுன் நிறுவனத்துக்காகப் பாடிய ஒரு காதல் டூயட்டை எடுத்து, டி ஏஞ்சலோவையும் பாடுவையும் சேர்த்துப் பாடவைத்து 1996-இல் ஒரு படத்தின் பாட்டுத் தொகுப்பில் வெளியிட்டார்கள். பாட்டு அம்மா காலத்தது, ஆண் குரல் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. புதிதாக இருந்தது பெண் குரல் மட்டும். சில மாதங்கள் கழித்து, 1997 பிப்ரவரியில், பாடுவின் ‘பாடுயிசம்’ வந்தபோது அமெரிக்க இசை இதழான பில்போர்டின் ஆல்பம் பட்டியலில் நேராக இரண்டாம் இடத்தில் போய் உட்கார்ந்தது. மறு ஆண்டு இரண்டு கிராமி விருதுகள்.

சரி, இதற்குப் பெயர் எதற்கு? அன்று பாட்டு விற்றது கடை அலமாரியிலும் வானொலியிலும். ‘இது எந்த வகை?’ என்று இரண்டு இடத்திலும் கேட்பார்கள். ஒரு பாடகருக்காக யாரும் தனி அலமாரி போடமாட்டார்கள். டி ஏஞ்சலோ, 1996-இல் வந்த மேக்ஸ்வெல், பாடு ஆகிய மூவருக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால் மூன்று பேர் ஓர் அலை ஆகிவிடுவார்கள். ஒருவரை வாங்கியவர் மற்ற இருவரையும் புரட்டிப் பார்ப்பார். அடுத்து வரும் புதுமுகத்துக்கும் இடம் தயார். மாசன்பர்க் பிறகு மோட்டவுனின் தலைவரே ஆனார். அங்கிருந்து 2001-இல் முதல் ஆல்பம் வெளியிட்ட இந்தியா ஏரி, ஏழு கிராமிப் பரிந்துரைகள் பெற்றார்.

இந்த வேலை புதிதும் இல்லை. ‘சோல்’ என்பதும் ஒரு காலத்தில் அலமாரிப் பெயர்தான். கறுப்பின மக்களின் இசைக்கான பட்டியலை பில்போர்டு ‘இன இசைத்தட்டுகள்’ என்ற பொருளில் அழைத்துவந்தது. 1949-இல் அதை ரிதம் அண்ட் புளூஸ் என்று மாற்றியது. 1969-இல் சோல், 1982-இல் பிளாக், 1990-இல் மறுபடி ரிதம் அண்ட் புளூஸ், ஆர் அண்ட் பி என்ற சுருக்கத்தில். பாடியவர்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள், பலகை மட்டும் மாறிக்கொண்டிருந்தது.

ஆனால் ஆளை நட்சத்திரம் ஆக்கும் முறை தலைகீழாக மாறியது. 1959-இல் பெர்ரி கோர்டி 800 டாலர் குடும்பக் கடனில் தொடங்கிய மோட்டவுனில், மாக்ஸீன் பவல் என்ற ஆசிரியை பாடகர்களுக்கு நடக்க, உட்கார, பேசக் கற்றுக்கொடுத்தார். மேடை அசைவுகளுக்கு சோலி அட்கின்ஸ். மெருகுதான் அங்கே சரக்கு. நியோ-சோலில் மெருகு இல்லாததே சரக்கு. பாடுவின் தலைக்கட்டு, மேடையில் ஊதுபத்தி, மெழுகுவர்த்தி. அவை அவருடையவைதான், யாரும் மாட்டிவிடவில்லை. ஆனால் ‘இவர் அசல்’ என்று சொல்லி விற்கவும் அவையே பயன்பட்டன. டி ஏஞ்சலோவுக்கு இந்த விற்பனை கசந்தது. 2000-இல் சட்டையில்லாத உடம்பை மட்டும் காட்டிய ஒரு வீடியோ அவரை உச்சத்தில் ஏற்றியது. அதன்பின் கச்சேரிக்கு வந்தவர்கள் பாட்டைவிடச் சட்டையைக் கழற்றச் சொல்லித்தான் அதிகம் கத்தினார்கள். அடுத்த ஆல்பம் வர 2014 டிசம்பர் ஆயிற்று. தான் செய்வது நியோ-சோல் என்று ஒருபோதும் சொன்னதில்லை, கறுப்பின இசை என்றே சொல்லிவந்தேன் என்று அவர் பிறகு பேசியிருக்கிறார்.

இனி இந்தப் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பார்ப்போம். ‘நியோ’ புதிய என்று பொருள்படும் கிரேக்கச் சொல். நவீனத்தில் உள்ள ‘நவ’ அதற்கு உறவுதான், ஆனால் நவ சோல் என்றால் நவதானியம் மாதிரி ஒன்பது சோல் என்று எண்ணத் தோன்றும். ‘ஆன்ம இசை’ என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்பவர் செருப்பைக் கழற்றிவிட்டு பஜனைக்கு உட்கார்ந்துவிடுவார். தேவாலயப் பாட்டின் மெட்டில் உலகியல் காதலை வைத்து ரே சார்லஸ் 1954-இல் பாடியதிலிருந்துதான் சோல் கிளம்பியது என்பதால் அதை முழுத் தப்பு என்றும் சொல்ல முடியாது. என்றாலும், நல்ல பாட்டைக் கேட்டு நாம் ‘உயிரைக் கொடுத்துப் பாடுகிறார்’ என்கிறோம், ‘ஜீவன் இருக்கு’ என்கிறோம். ஆன்மா இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே சோலுக்கு ‘உயிரிசை’ என் தேர்வு.

அப்படியென்றால் நியோ-சோல் ‘புத்துயிரிசை’யா? காதுக்கு இனிமைதான். ஆனால் புத்துயிர் என்றதும் நடுவில் ஒருமுறை செத்துப்போனது என்றாகிறது. ‘நியோ’ என்ற ஒட்டின்மேல் சொல்லப்படும் குறையும் இதுவேதான்: சோல் எங்கே போயிற்று, புதிதாக வர? ‘புது உயிரிசை’ என்று பிரித்து எழுதினால் அந்தச் சிக்கல் கொஞ்சம் குறையும். விற்பனைப் பெயராகச் சொல்லும்போது நியோ-சோல் என்றே விட்டுவிடலாம், பிராண்டுப் பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லையே. டி ஏஞ்சலோவைப் பற்றி எழுதும்போது மட்டும் ‘புது’வையும் எடுத்துவிடுங்கள்.