1.6 போய் 2.8 வந்தால் உங்கள் கைக்கு என்ன வரும்?

“தம்பி, நம்ம எஸ்டேட்டுக்கு 2.8 வந்துடுச்சாம். எல்லாரும் சேர்ந்து வித்தா வீட்டுக்கு ரெண்டு மில்லியன்னு வாட்ஸ்அப் குரூப்புல பேசிக்கிறாங்க. நான் எங்க கையெழுத்துப் போடணும்?”

68 வயது ஆன்ட்டி கைபேசியை என் பக்கம் திருப்பி வைத்தார். சிங்கப்பூரில் எந்த மனையில் என்ன, எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும் பெருந்திட்ட வரைபடத்தின் படம். பல கை மாறி வந்ததில் எழுத்தெல்லாம் மங்கிக் கிடந்தது. அவருடைய கொண்டோ இருக்கும் மனையைச் சுற்றி யாரோ சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்கள். நடுவில் 2.8. முன்பு அங்கே 1.6.

சொத்துப் பத்திர வேலை பார்க்கும் வழக்கறிஞன் என்பதால் இந்த எண்ணை நான் அடிக்கடி விளக்க வேண்டியிருக்கிறது. பிளாட் ரேஷியோ என்பது, மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு எழுப்பலாம் என்ற கணக்கு. 10,000 சதுர மீட்டர் மனையில் 1.6 என்றால் 16,000, 2.8 என்றால் 28,000. நகர மையப் பகுதிக்கு வெளியே தனியார் அடுக்குமாடியில் எத்தனை வீடு வரலாம் என்பதற்கு அந்தத் தளப்பரப்பை 85ஆல் வகுப்பார்கள். பாலஸ்டியர் போன்ற சில வட்டாரங்களில் 100ஆல். 85 என்றே வைத்துக்கொண்டால், 188 வீட்டுக்கு இடமிருந்த மனையில் இனி 329 வரை கட்டலாம். கட்டலாம், அவ்வளவுதான். உங்கள் கட்டடம் இடிபடப்போகிறது என்று அதற்குப் பொருள் இல்லை.

பக்கத்து மனையில் எண் ஏறினால் கதை வேறு; அப்போது ஆட்சேபிக்கத்தான் நினைப்பீர்கள். வேறு சில நாடுகளில் நகரசபை கூடி வாக்களிக்கும். நம் ஊரில் சிட்டி கவுன்சில் 1959ஓடு முடிந்துவிட்டது. இன்று நகர மன்றத்துக்கு மனுவோடு போகிறவர்களைப் பார்க்கிறேன். அது மின்தூக்கியையும் தாழ்வாரத்தையும் பார்த்துக்கொள்ளும் இடம். பெருந்திட்டம் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பொறுப்பு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்து வரைவைப் பார்வைக்கு வைப்பார்கள். 2025 வரைவு ஜூன் 25ஆம் தேதி வந்தது. இடையில் தனி மனைகளின் மாற்றங்களும் காட்சிக்கு வரும், குறுகிய கால அவகாசத்தோடு. ஆட்சேபத்தை அந்தக் காலத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அடித்தளம் போடும் பைலிங் இயந்திரம் வந்திறங்கிய பிறகு என்னிடம் வருகிறவர்களுக்கு நான் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை.

“காற்று வராது, வெளிச்சம் போய்விடும்” என்று மட்டும் எழுதாதீர்கள். காலை ஏழரைக்குப் பள்ளி வாசலில் கார் எவ்வளவு தூரம் நிற்கிறது, எந்த முனையில் மழைத் தண்ணீர் தேங்குகிறது என்று எழுதுங்கள். டோவர் காட்டில் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு கட்டும் திட்டம் பற்றிப் பொதுமக்கள் கருத்து குவிந்தபின், 2021 ஜூலையில், கிழக்குப் பாதியில் முதலில் கட்டி மேற்குப் பாதியை அப்போதைக்கு விட்டுவைப்பது என்று முடிவானது. திட்டம் நிற்கவில்லை; ஆனால் உருவம் மாறியது.

ஆன்ட்டியின் இரண்டு மில்லியனுக்கு வருகிறேன். என்-பிளாக்கில், அதாவது எஸ்டேட் முழுவதையும் சேர்த்து விற்கும் கூட்டு விற்பனையில், வாங்கும் கட்டுமான நிறுவனம், கூடுதலாகக் கட்டும் உரிமைக்காக அரசாங்கத்துக்கு நில மேம்பாட்டுக் கட்டணம் கட்ட வேண்டும். 2022 ஆகஸ்ட் முதல் இந்தப் பெயர். விகிதப் பட்டியல், உயரும் நில மதிப்பில் 70 விழுக்காடு என்ற அடிப்படையில் அமைந்தது. 99 ஆண்டுக் குத்தகையைப் புதுப்பிக்கத் தனிப் பணம். இதையெல்லாம் கழித்துத்தான் உங்களுக்கு விலை சொல்வார்கள். ஆகவே எண் முக்கால் மடங்கு ஏறியதால் விலையும் முக்கால் மடங்கு ஏறும் என்று கணக்குப் போட வேண்டாம்.

அடுத்தது மத்திய சேமநிதி. வீட்டுக்காக எடுத்த தொகையை 2.5 விழுக்காட்டு வட்டியோடு உங்கள் கணக்கிலேயே திரும்பப் போட வேண்டும். 2 லட்சம் வெள்ளி எடுத்து 25 ஆண்டு ஆகியிருந்தால் அது ஏறத்தாழ 3 லட்சத்து 70 ஆயிரம். உங்கள் பணம்தான், ஆனால் அன்றே கைக்கு வரும் ரொக்கம் என்று நினைத்துப் புது வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கட்டடத்துக்குப் பத்து வயது ஆகியிருந்தால் 80 விழுக்காடு, ஆகாவிட்டால் 90 விழுக்காடு உரிமையாளர்களின் சம்மதம் தேவை. தலை எண்ணிக்கை இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கிய பங்கு மதிப்பும் தளப்பரப்பும்தான் கணக்கு. கூட்டு விற்பனை ஒப்பந்தத்தில் முதல் கையெழுத்து விழுந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் அந்த அளவை எட்ட வேண்டும். கையெழுத்து வழக்கறிஞர் முன்னிலையில் போட வேண்டும்; போட்டபின் மனம் மாற ஐந்து நாள் உண்டு. அந்த வழக்கறிஞர், உரிமையாளர்கள் தேர்ந்தெடுத்த விற்பனைக் குழு நியமித்தவர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சந்தேகம் இருந்தால் உங்களுக்கென்று ஒருவரைத் தனியாகக் கேளுங்கள். (தொழிலுக்கு விளம்பரம் என்று நினைத்தாலும் பரவாயில்லை.) கையெழுத்துப் போடாதவர் அறிவிப்புக் கிடைத்த 21 நாளுக்குள் இந்த விற்பனைகளை விசாரிக்கும் ஸ்ட்ராட்டா டைட்டில்ஸ் போர்டிடம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வாங்கிய விலையைவிட நட்டம், அல்லது வருகிற பணம் வங்கிக் கடனையும் சேமநிதியையும் அடைக்கவே போதாது என்று காட்ட முடிந்தால் அது வலுவான வாதம்.

ஆன்ட்டியை, சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாகச் சேமநிதிக் கணக்கைத் திறக்கச் சொன்னேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையை முகத்தருகே கொண்டுபோய் எண்ணை இரண்டு தரம் வாசித்தார்.

“சரி தம்பி, இது போக மிச்சத்துல தேக்கா பக்கம் ஒரு மூணு அறை வீவக வீடு கிடைக்குமா?”

“விலை ஒருபக்கம் இருக்கட்டும் ஆன்ட்டி. வீவக புளோக்ல ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு அளவு உண்டு. அந்த புளோக்ல இந்தியர் ஒதுக்கீடு நிறைஞ்சிருந்தா, இன்னொரு இந்தியர் விக்கிறப்பதான் நீங்க வாங்க முடியும். முதல்ல அதைப் பாத்துட்டு வாங்க.”

கைபேசியைப் பைக்குள் போட்டார். குழு கொடுத்த ஒப்பந்தத்தை மட்டும் என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார், படித்து வைக்கச் சொல்லி.