எக்ஸ்ரே நார்மல், ஆனால் கால் ஊன்ற முடியவில்லை

காலில் அடிபட்டு வருகிறவர்களின் படத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. 'நார்மல்' என்று எழுதக் கை தயங்குவது பாதத்தின் படத்தில்தான். ஒரு பாதத்தில் 26 எலும்புகள்: கணுக்காலை ஒட்டி 7, நடுவே நீளமாக 5, விரல்களில் 14. எக்ஸ்ரேயில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, விரிசலை எளிதாக மறைத்துவிடும்.

என்னை ஏமாற்றியது நடுப்பாதம். படியில் கால் பிசகிய ஒருவருக்கு முதல் நாள் படம் சுத்தமாக இருந்தது. அறிக்கை எழுதியதும் நான்தான். மூன்று வாரம் கழித்தும் நொண்டிக்கொண்டு வந்தார். இம்முறை நிற்க வைத்துப் படம் எடுத்தோம். எடை ஏறியதும், பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் போகும் நீள எலும்புகளின் அடியில் இடைவெளி விரிந்தது. அங்கே கட்டிப் பிடிக்கும் லிகமென்ட் அறுந்திருந்தது. படுத்தபடி எடுத்த படத்தில் எலும்புகள் சாதுவாகத் தம் இடத்தில் உட்கார்ந்திருந்தன.

நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் லிஸ்ஃப்ராங்க்கின் பெயரால் இந்த நடுப்பாதக் காயத்தை அழைக்கிறோம். உள்ளங்காலில், வளைவுப் பகுதியில் ரத்தம் கட்டி நீலமாக இருந்தால் இந்தச் சந்தேகம் வரவேண்டும். சுளுக்கு என்று எண்ணி உருவிவிட்டுக்கொண்டே இருந்தால் பாத வளைவு இறங்கி, மூட்டு தேய்ந்துவிடும். வலியால் நிற்கவே முடியாதவருக்கு சி.டி. எடுக்கலாம், அல்லது வீக்கம் வடிந்தபின் நிற்க வைத்து எடுக்கலாம்.

கால் உள்பக்கமாக மடங்கினால் சுண்டுவிரல் பக்க நீள எலும்பின் அடிப்பகுதி உடையும். 1902-ல் ராபர்ட் ஜோன்ஸ் என்ற மருத்துவர், நடனமாடும்போது தனக்கே நேர்ந்த அந்தப் பக்க முறிவை எழுதிவைத்தார். வளரும் பிள்ளைகளுக்கு அதே இடத்தில் வளர்ச்சிக்கோடு ஒன்று உண்டு. அது எலும்பின் நீளவாக்கில் ஓடும். முறிவோ பெரும்பாலும் குறுக்கே போகும். இதைக் குழப்பிக்கொண்டு வீணாகக் கட்டுப் போட்ட பிள்ளைகளும் உண்டு.

திடீரென ஓட்டத்தைக் கூட்டியவர்களுக்கு வரும் மயிரிழை விரிசல் முதல் இரண்டு வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம், எம்.ஆர்.ஐ. முன்னதாகவே காட்டும். உயரத்திலிருந்து குதித்துக் குதிகால் உடைந்தவர் என்றால், அதே அடி மேலே ஏறியிருக்கலாம் என்பதால், நான் முதலில் கேட்பது முதுகுத்தண்டைப் பார்த்தீர்களா என்பதைத்தான்.

படம் எடுக்க அனுப்பும் மருத்துவரின் சீட்டில் 'கால் வலி' என்று மட்டும் எழுதி வந்தால் எங்களுக்கு உதவாது. படம் எடுப்பவரிடம், வலி அதிகமுள்ள இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கள்.