கராத்தே கால்சட்டையின் நாடா ஏன் நழுவுகிறது?

கராத்தே பயிலும் தம் மகனுக்கு ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு முறையாவது கால்சட்டையின் நாடா அவிழ்ந்துவிடுகிறது என்றும், எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் பயனில்லை என்றும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். இடுப்பில் கட்டும் நிறப்பட்டை மேற்சட்டையை மூடி வைப்பதற்கே உரியது; கால்சட்டையைத் தாங்கும் பொறுப்பு முழுவதும் நாடாவைச் சேர்ந்தது. 1882இல் தோக்கியோவில் கோதோகன் பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோவின் ஜூடோ உடையைப் பின்பற்றியே கராத்தே உடையும் உருவானது. ஜூடோவில் எதிராளியின் உடல் மேலே விழுவதால், கொக்கியோ பொத்தானோ இல்லாத துணி நாடாவே பாதுகாப்பானது.

கால்சட்டையின் முன்புறம், நாடா வெளிவரும் இடத்தில் தைக்கப்பட்டிருக்கும் சிறிய துணி வளையத்தைப் பலர் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அந்த உடையிலேயே மிக நுட்பமான உறுப்பு அதுதான். ஒரு கயிற்றை எதன்மீதாவது சுற்றினால், சுற்றின் ஒவ்வொரு சிறு பகுதியிலும் உராய்வு இழுவிசையின் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ள, எஞ்சிய விசை மட்டுமே அடுத்த பகுதிக்குச் செல்கிறது. ஆகவே சுற்றும் கோணம் கூடக்கூட, மறுமுனைக்கு வரும் விசை கூட்டல் கணக்கில் அல்லாமல் பெருக்கல் கணக்கில் குறைகிறது. இரு பரப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு பற்றிக்கொள்கின்றன என்பதைச் சொல்லும் எண்ணான உராய்வுக் கெழு 0.3 என்று கொள்வோம். நாடாவை வளையத்தில் நுழைத்துத் திருப்பும் அரைச் சுற்றிலேயே 10 கிலோ இழுப்பு ஏறக்குறைய 4 கிலோவாகிறது. கூடுதலாக ஒரு முழுச் சுற்றும் சுற்றிவிட்டால் 600 கிராம் அளவே முடிச்சுக்கு வந்து சேர்கிறது. வளையம் பருமனா மெல்லியதா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை, கோணம் மட்டுமே வருகிறது என்பதை முதன்முறை படித்தபோது நான் நம்ப மறுத்துத் தூணில் கயிறு சுற்றிப் பார்த்தேன். பெரிய கப்பலைத் துறைமுகத் தூணில் சில சுற்றுகளால் ஒருவர் பிடித்து நிறுத்துவதும் இதே கணக்கால்தான்.

அடுத்தது முடிச்சு. இடதை வலதின் மேல் போட்டு முதல் கட்டும், வலதை இடதின் மேல் போட்டு இரண்டாம் கட்டும் கட்டினால் அது ரீஃப் முடிச்சு. பழக்கத்தால் இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டால் அது கிரானி முடிச்சு. முன்னதில் இழைகள் எதிரெதிர்த் திசைகளில் முறுக முயன்று ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. பின்னதில் ஒரே திசையில் உருண்டு நழுவுகின்றன. எளிதில் அவிழ்க்க இரண்டாம் கட்டில் காது, அதாவது மடித்த கண்ணி, விட்டுக் கட்டிய பிறகு காதுகள் இடுப்புக்கு இணையாகக் கிடந்தால் கட்டு சரி. மேலும் கீழுமாகத் திரும்பி நின்றால் அவிழ்த்துக் கட்ட வேண்டும்.

காலணிக் கயிறு ஓடும்போது அவிழ்வதைக் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாதம் தரையில் மோதும் அதிர்வு முடிச்சைத் தளர்த்துகிறது, வீசும் முனைகளின் நிலைமம் அதை உருவுகிறது, இரண்டும் சேரும்போதே முடிச்சு சட்டென்று அவிழ்கிறது என்று கண்டார்கள். இதற்கெல்லாமா பணம் செலவிடுவது என்று கேலி செய்வோர் உண்டு. அறுவைத் தையலின் முடிச்சும் உராய்வை நம்பியே நிற்கிறது என்பதை அறிந்தால் அவர்கள் இன்னும் கொஞ்சம் கொடுக்கச் சொல்வார்கள் என்பது என் கருத்து.

துள்ளி உதைக்கும் சிறுவனுக்கும் அந்த இரு விசைகளும் உண்டு. எனவே வளையத்தில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி, ரீஃப் முறையில் கட்டி, தொங்கும் முனைகளையும் காதுகளையும் இடுப்பு மடிப்புக்குள் செருகிவிடுங்கள். வழுக்கும் பாலியெஸ்டர் நாடாவாக இருந்தால், அதை உருவிவிட்டுத் தட்டையான பருத்தி நாடாவைக் கோத்துக்கொள்ளலாம். பருத்தி இழை வியர்வையில் ஊறிப் பருப்பதால் முடிச்சு மேலும் இறுகும், வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் அதை அவிழ்க்கத்தான் சற்றுப் பொறுமை வேண்டியிருக்கும்.